அறுபத்தேழு கிலோ கதாநாயகி

பெரியக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது நான்தான். பதிப்பகத்தில் சேர்ந்த முதல் வாரம், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், “அந்தப் பெரிய அக்காகிட்ட கொடுக்கணுமா?” என்று கேட்டேன். நான் வயதைச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரே மாதத்தில் முதலாளியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். காதுக்கு மரியாதையாகக் கேட்கிற பெயர் என்பதால், கோபித்துக்கொள்ளவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

எங்கள் பதிப்பகம் காதல் கதைகள் போடுவது. அழ வைக்கிற காதல் இல்லை, சிரிக்க வைக்கிற காதல். முதல் அத்தியாயத்தில் மோதிக்கொள்வார்கள், நடுவில் முறைத்துக்கொள்வார்கள், இருநூறாம் பக்கத்தில் கட்டிக்கொள்வார்கள். மாதம் மூன்று புத்தகம் வரும். நான் கணினியில் பக்கம் அமைப்பேன். எதிர்மேசையில் பெரியக்கா சிவப்புப் பேனாவோடு பிழை திருத்துவாள். எழுத்துப் பிழையோடு நிற்கிற ஆள் இல்லை அவள். ஆறாம் அத்தியாயத்தில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டவன் ஏழாம் அத்தியாயத்தில் அந்தக் கையாலேயே கதாநாயகியைத் தூக்கிச் சுற்றினால், “கை ஆறிவிட்டதா?” என்று ஓரத்தில் எழுதி அனுப்புவாள்.

“எல்லாக் கதையிலயும் தூக்கித்தான் சுத்தறாங்க,” என்பாள் என்னிடம். “ஒருத்திக்காவது தலை சுத்தி வாந்தி வந்ததா எவளும் எழுத மாட்டேங்கறா.”

அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது, தொண்ணூற்று நாலு கிலோ. அலுவலக நாற்காலியின் கைப்பிடிகள் இடுப்பில் அழுந்துகின்றன என்று, ஒரு விடுமுறை நாளில் தானே ஸ்பேனர் கொண்டுவந்து இரண்டையும் கழற்றி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தவள் அவள். யாரிடமும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. தங்கைக்கு முன்பே கல்யாணமாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், பெரியக்கா தேநீர்த் தட்டோடு உள்ளே வருவதற்குள், “அவளுக்கு தைராய்டு” என்று அம்மா சொல்லி முடித்திருப்பார். அவளுக்கு தைராய்டு கிடையாது. மூன்று தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று. மூன்றாவது தடவையும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அம்மாவின் முகம் தொங்கிப்போனதாம். ஒரு நோய் இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

கண்ணாடிக் கடைக்காரரை அவள் சந்தித்தது பவர் மாற்றப் போன இடத்தில். நாற்பது வயதுக்காரர், மனைவியைப் பிரிந்து பல வருடம் ஆனவர். எந்த ஃப்ரேமைப் போட்டாலும் பெரியக்காவின் கன்னத்தில் அழுந்தியது. அவள் வழக்கம்போல, “என் முகம் அப்படிங்க, பரவாயில்ல, இதையே கொடுங்க” என்றாள். அவர் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் போகிற பகுதியைச் சூடுபடுத்தி, வளைத்து, போட்டுப் பார்த்து, மறுபடி கழற்றி வளைத்தார்.

“ஃப்ரேமைத்தாங்க வளைக்கணும். முகத்தை யாராவது வளைப்பாங்களா?” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கே அவள் விழுந்துவிட்டாள். “குறை என் மேல இல்ல, சாமான் மேலன்னு சொன்ன முதல் ஆள் அவர்தான்,” என்று என்னிடம் ஒரு நாள் சொன்னாள். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது வெகு நாள் கழித்து. அந்த வருடம் அவள் கண்ணாடி அடிக்கடி தளர்ந்துபோனதும், அதைச் சரிசெய்ய அவள் அடிக்கடி சீக்கிரம் கிளம்பியதும் மட்டும்தான் அப்போது நான் கவனித்தவை.

எட்டு மாதம் பழகினார்கள். புதன்கிழமை அவர் கடைக்கு விடுமுறை. ஊரின் மறுகோடியில் ஒரு பூங்கா இருக்கிறது, அங்கே சந்திப்பார்கள். சினிமாவுக்குப் போனால் அவர் முன்பே போய் உட்கார்ந்திருப்பார். விளக்கு அணைந்த பிறகு அவள் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். “எனக்குக் கூட்டம்னாலே ஆகாது” என்று அவர் சொன்னதை அவள் நம்பினாள். நம்பினாள் என்பதைவிட, நம்புவதற்கு வேண்டிய காரணங்களை அவளே தேடிக் கொடுத்தாள் என்று சொல்லலாம். பூங்காவில் அவளை நீ என்பார். கடைக்குப் போனால் “வாங்க மேடம், உக்காருங்க” என்பார்.

கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார். ஓரக்குறிப்புகளை அவள் படித்துக் காட்டினால் வயிறு வலிக்கச் சிரித்தார். பஸ் நிறுத்தம் கண்ணுக்குத் தெரிகிற வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெரிந்ததும் விட்டுவிடுவார்.

தன் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு தடவை பெரிய வணிக வளாகத்துக்குப் போகலாம் என்று அவள் கேட்டாள். வார நாள், காலை பதினோரு மணி, கூட்டம் இருக்காது என்று பார்த்து அவர் ஒத்துக்கொண்டார். எஸ்கலேட்டரில் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு படி மேலே, அவள் ஒரு படி கீழே, கை கோத்திருந்தது. மேலே போய்ச் சேரும் இடத்தில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் மனைவியோடு நின்றிருந்தார். கண்ணாடிக் கடைக்காரர் கையை உதறவில்லை, அவ்வளவு மோசமில்லை. சட்டைப் பையில் எதையோ தேடுகிறவர் போலக் கையை எடுத்துக்கொண்டார்.

“இவங்க நம்ம கடை கஸ்டமர். இங்க தற்செயலா பாத்தேன்,” என்றார்.

நண்பரின் மனைவி பெரியக்காவை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்படியா, அதானே பார்த்தேன் என்பதுபோலச் சிரித்தாள். பெரியக்காதான் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

“ஆமாங்க, ஃப்ரேம் லூசாயிடுச்சு. ஆளைப் பாத்ததும் விடக்கூடாதுன்னு எஸ்கலேட்டர்லயே துரத்திட்டு வந்துட்டேன்.”

நாலு பேரும் சிரித்தார்கள். அவர் கண்ணாடியை வாங்கி நிஜமாகவே திருகாணியைத் தடவிப் பார்த்தார். “கண்ணாடி இல்லாததால யார் முகமும் எனக்குத் தெரியல. அது ஒரு வசதியா இருந்துச்சு,” என்று பெரியக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள். நண்பர் போன பிறகு அவர் பெருமூச்சு விட்டு, “நல்லா சமாளிச்சே” என்றாராம்.

“அந்தப் பாராட்டுக்கு நான் சந்தோஷப்பட்டேன்டி. அவர் கஸ்டமர்னு சொன்னதைக்கூட மறந்துடுவேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் மறக்க முடியல.”

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் புதன்கிழமைகளில் போனாள். தானே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் விட்டது அவர். தன் அக்கா யாரோ ஒருத்தியைப் பார்த்துப் பேசி வைத்திருப்பதாகப் போனில் சொன்னார், ஆர்டர் கொடுத்த லென்ஸ் வரவில்லை என்று சொல்கிற அதே குரலில்.

இந்தச் சமயத்தில்தான் நாவலாசிரியை அவளைத் தேடி வந்தார். எங்கள் பதிப்பகத்தின் தூண் அவர். பதினான்கு நாவல் எழுதியவர், மெலிந்த தேகம், வாய் ஓயாத பேச்சு. குண்டான பெண் ஒருத்தியைக் கதாநாயகியாக வைத்து எழுதப் போகிறேன், அதற்கு உன் உதவி வேண்டும் என்று நேராகவே கேட்டார். வாரா வாரம் அவளைத் தேநீர் குடிக்கக் கூட்டிப் போனார். கையில் நோட்டுப் புத்தகம் எல்லாம் இல்லை. முகவாயில் கையை வைத்துக்கொண்டு கேட்பார், அவ்வளவுதான். பெரியக்கா மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“ஏங்க்கா சொன்னீங்க?” என்று பிறகு நான் கேட்டேன்.

“காதலைப் பத்தி என்கிட்ட யாரும் கேட்டதே இல்ல. என்ன சாப்பிடறே, காலையில நடக்கறியா, டாக்டர்கிட்ட போனியா, இதைத்தான் கேப்பாங்க. அவங்க, ‘அவர் உன்னை முதல்ல எப்படிப் பாத்தார்?’னு கேட்டாங்க. எனக்கு வாய் நிக்கல.”

நாவல் வந்தது. கோப்பு முதலில் என்னிடம்தான் வரும். பக்கம் அமைத்துக்கொண்டே படித்துக்கொண்டு போனேன். சும்மா சொல்லக் கூடாது, எழுத்து வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒன்பதாம் அத்தியாயத்தில் எஸ்கலேட்டர். கதாநாயகன் அங்கே பல் டாக்டர். “இவங்க என் பேஷன்ட்” என்கிறான் நண்பனிடம். கதாநாயகி வாயை ஆவென்று திறந்து, “ஆமாங்க, கடைவாய்ப் பல். டாக்டரை விடக்கூடாதுன்னு எஸ்கலேட்டர்லயே துரத்திட்டு வந்துட்டேன்” என்கிறாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

“என்னடி சிரிப்பு?” என்றாள் பெரியக்கா, எதிர்மேசையிலிருந்து.

“இதைக் கேளுங்கக்கா,” என்று சொல்லி நான் அந்தக் காட்சியை உரக்கப் படித்தேன். குரலை எல்லாம் மாற்றி, நடித்தே காட்டினேன். பின்மேசையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியக்கா சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடி, மறுபடி கழற்றினாள்.

“அப்புறம் என்ன ஆகுது?” என்றாள்.

“அவ அழுதுகிட்டே கீழ இறங்கிப் போறா. டாக்டர் மேல போற எஸ்கலேட்டர்லயே தலைகீழா ஓடி வந்து, எல்லார் முன்னாலயும், ‘இவ என் பேஷன்ட் இல்ல, என் உயிர்’ங்கறான்.”

“ஓடி வர்றானா?”

“ஓடி வர்றான். தடுக்கி விழுந்து எழுந்து வர்றான்.”

“சரி, பிரின்ட் எடுத்துக் கொடு. புரூஃப் பாக்கணும்,” என்றாள்.

அன்று அவள் ஐந்தரைக்குக் கிளம்பவில்லை. நானும் கூட இருந்தேன். மற்றவர்கள் போன பிறகுதான், தலையைத் தாளிலிருந்து தூக்காமலேயே, கண்ணாடிக் கடைக்காரர் கதையை முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல ஒற்றுப் பிழைகளையும் திருத்திக்கொண்டே போனாள். நடித்துக் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “உனக்கு என்ன தெரியும், விடு. நல்லாத்தான் படிச்சே,” என்றாள்.

புரூஃபில் அவள் கதையை ஒரு வரி கூட மாற்றவில்லை. ஒரே ஓர் இடத்தில்தான் கேள்வி எழுதியிருந்தாள். கதாநாயகி அறுபத்தேழு கிலோ என்றும், பூங்காவில் அவள் உட்கார்ந்ததும் நாற்காலி முறிந்தது என்றும் இருந்தது. ஓரத்தில், “67 கிலோவுக்கு நாற்காலி முறியாது. நாற்காலி பழசா, எடை தவறா?”

அதைப் பார்த்துவிட்டு நாவலாசிரியை நேரிலேயே வந்தார். பெரியக்காவின் மேசை ஓரத்தில் ஒயிலாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நாற்காலியை வேணும்னா பழசுன்னு போட்டுடலாம்மா. எடையில கை வைக்க முடியாது.”

“அறுபத்தேழு குண்டா மேடம்?”

“வாசகிகளுக்குக் குண்டுதான். அதுக்கு மேல போனா அவங்களுக்கு அவ மேல பிரியம் வராது.”

“தொண்ணூறுன்னு போட்டா?”

நாவலாசிரியை சிரித்தார். பெரியக்காவின் தோளில் ஆதரவாகக் கை வைத்தார். “தொண்ணூறு கிலோக்காரியை ஒருத்தன் எஸ்கலேட்டர்ல ஓடி வந்து கட்டிப் பிடிச்சான்னா யாரும்மா நம்புவாங்க? கதைன்னாலும் ஒரு நியாயம் வேணும்ல?”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டார். பெரியக்கா, “நான் உங்ககிட்ட சொன்னதை நீங்க எழுதுவீங்கன்னு தெரியும். அப்படியே எழுதுவீங்கன்னு தெரியாது,” என்றாள்.

“அப்படியே எங்கேம்மா எழுதினேன்? உன் கதையில அவன் ஓடியா வந்தான்? நான் ஓடி வர வச்சிருக்கேன். உன் கதையை நான் சரி பண்ணிக் கொடுத்திருக்கேன்,” என்றார் நாவலாசிரியை. நிஜமாகவே அப்படி நம்பித்தான் சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் நிலைக்கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். நான் அறுபத்தாறு கிலோ.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போயிற்று. எங்கள் பதிப்பகத்தில் எதுவும் அப்படி ஓடியதில்லை. முன்பக்கத்தில், ‘எனக்கு சிரிக்க கற்றுக்கொடுத்த தோழிக்கு’ என்று ஒரு சமர்ப்பண வரி எழுதிக் கொடுத்திருந்தார் நாவலாசிரியை. அதில் விட்டுப்போன இரண்டு ஒற்றெழுத்துகளையும் பெரியக்காதான் போட்டாள். போகிற இடமெல்லாம் நாவலாசிரியை, பெண்கள் தங்கள் உடம்பைத் தாங்களே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். அந்தப் பேச்சை நாங்கள் அலுவலகத்தில் ஒருவர் கைபேசியில் கூடி நின்று பார்த்தோம்.

“என்னை நானே ஏத்துக்கணுமாம்,” என்றாள் பெரியக்கா. “நான் என்ன வேண்டாத விருந்தாளியா, வாசல்ல நின்னு யோசிச்சு உள்ள விட? நான் எப்பவோ உள்ளதான் இருக்கேன். மத்தவங்கதான் கதவைத் தட்டிட்டே இருக்காங்க.”

மூன்றாவது பதிப்பு அச்சுக்குப் போன வாரம் கண்ணாடிக் கடைக்காரர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். கையில் புத்தகம். எனக்கு அவரைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சட்டையை இஸ்திரி போட்டு, முடி வெட்டி, புது ஃப்ரேமில் வந்திருந்தார். அவருடைய அக்கா பார்த்து வைத்திருந்த அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

“படிச்சேன்,” என்றார் பெரியக்காவிடம், வெட்கப்பட்டுக்கொண்டே. “பல் டாக்டர்னு போட்டிருந்தாலும் எனக்குப் புரிஞ்சிடுச்சு. நான்தானே அது?”

பெரியக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“கடைசியில ஓடி வர்ற இடத்துல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. உன் மனசுல என்னைப் பத்தி இவ்வளவு நல்லா வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

ஓடி வந்த அத்தியாயத்தைப் படித்து, தானும் ஓடி வந்துவிட்டதாகவே அவர் மனதில் பதிந்துபோயிருந்தது. அவள் அவரைத் திருத்தவில்லை. அடுத்த புதன்கிழமை அவரோடு போனாள். ஏன் போனாள் என்று நான் கேட்டதற்கு, “எல்லார் முன்னாலயும் ஒரு தடவை கையைப் பிடிச்சுட்டு நடந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அது தப்பா?” என்றாள்.

அதே வணிக வளாகம், ஆனால் மாலை வேளை, நல்ல கூட்டம். கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். எஸ்கலேட்டரில் நின்று அவளோடு படம் எடுத்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது என்றாள் அவள், ஒரு கால் மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர் கடைக்கு வருகிற ஒரு குடும்பம் எதிரே வந்தது. அவர் விலகவில்லை. அவளை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து நிறுத்தினார்.

“அந்தப் புத்தகம் படிச்சீங்களா, எல்லாரும் பேசிக்கறாங்களே? அது இவங்கதான்.”

அந்த வீட்டு அம்மாள், “அட, அப்படியா? புத்தகத்துல இவ்வளவு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, “தைரியம்தான்” என்று முடித்தாள். யாருடைய தைரியம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் கண் போனது கண்ணாடிக் கடைக்காரரின் பக்கம். அவரும் அதை ஏற்றுக்கொண்டு தலையை அடக்கமாகத் தாழ்த்தினார்.

“முதல் தடவை கஸ்டமர், இந்தத் தடவை புத்தகம்,” என்றாள் பெரியக்கா என்னிடம். “முதல் தடவையாவது அவருக்குக் கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு.”

அவள் சண்டை எதுவும் போடவில்லை. பஸ் போய்விடும் என்று சொல்லிக் கிளம்பினாள். இந்தத் தடவை விட்டது அவள்தான். ஆனால் புத்தகம் வந்ததிலிருந்து அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அவர் நாலு பேரிடம் சொன்னார், நாலு பேரும் நம்பினார்கள். தங்கை போன் செய்து, “தேடி வந்த ஆளை எவளாவது விடுவாளா, உனக்கு இது அதிகம்க்கா” என்றாள். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், “அந்தப் புத்தகத்துல வர்றவளாவது பிழைச்சுக்கிட்டா,” என்றார்.

இதற்கிடையில் நாவலாசிரியைக்கு வாசகிகளிடமிருந்து கடிதம் கடிதமாக வந்து குவிந்தது. அவருக்கு நேரமில்லை. முதலாளி அந்த வேலையைப் பெரியக்காவிடம் கொடுத்தார். “உங்களுக்குத்தான் அந்த மனசு புரியும்” என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார். பதிலுக்கு ஒரு மாதிரி எழுதியும் கொடுத்துவிட்டார். உன்னை நீ நேசி, காதல் தானாக உன்னைத் தேடி வரும், அன்புடன் என்று முடியும். கீழே நாவலாசிரியையின் கையெழுத்து அச்சடித்திருக்கும். எழுபது, எண்பது கடிதத்துக்கு அவள் அப்படியே அனுப்பினாள்.

ஒரு பெண், பத்தொன்பது வயது, தான் குண்டு என்று தொடங்கி ஆறு பக்கம் எழுதியிருந்தாள். கல்லூரியில் ஒருவன் தன்னோடு நூலகத்தின் பின்வாசலில் மட்டும்தான் பேசுகிறான். மற்றவர்கள் வந்தால் யாரோ போலப் போய்விடுகிறான். அந்த டாக்டர் மாதிரி இவனும் ஒரு நாள் ஓடி வருவான் என்று புத்தகத்தைப் படித்த பிறகு நம்பிக்கை வந்திருக்கிறது, அதனால் காத்திருக்கப் போகிறேன் என்று முடித்திருந்தாள்.

பெரியக்கா அந்தக் கடிதத்தை நாலு நாள் மேசையிலேயே வைத்திருந்தாள். பிறகு மாதிரியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் பதில் எழுதினாள். என்னிடம் படிக்கக் கொடுத்தாள்.

‘தங்கைக்கு, நான் இந்த நாவலை எழுதியவர் அல்ல, பிழை திருத்தியவள். எஸ்கலேட்டரில் அவன் கையை எடுத்துக்கொண்டது வரை நடந்தது. ஓடி வந்தது நடக்கவில்லை. பின்வாசலில் பேசுகிறவன் முன்வாசலுக்கு வருவான் என்று நான் எட்டு மாதம் இருந்து பார்த்தேன். உன் எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அது அவனுடைய குறை. நீ காத்திருக்காதே. வேறு யாராவது வருவார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். வரலாம், வராமலும் போகலாம். நீ பரீட்சைக்குப் படி.’

“அனுப்பாதீங்கக்கா,” என்றேன்.

“பிழைன்னு தெரிஞ்சு எப்படிடி அச்சுக்கு விடறது?” என்றாள். அனுப்பிவிட்டாள்.

பத்து நாளில் பதில் வந்தது, முதலாளி பேருக்கு. அந்தப் பெண்ணே எழுதியிருந்தாள். யாரோ வயிற்றெரிச்சல் பிடித்த ஒருத்தி உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் நம்பிக்கையைக் கெடுக்கிறாள், தனக்குக் கிடைக்கவில்லை என்றால் யாருக்குமே கிடைக்காதா, அவளை வேலையில் வைத்திருக்கிறீர்களே என்று இருந்தது. முதலாளி அதைப் பெரியக்காவிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் நின்றபடியே வாசித்தாள். வாசித்துவிட்டு, “நல்லா எழுதறா. ஒரு பிழை இல்ல,” என்றாள்.

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள், எழுதினாள். பிறகு அவளைக் காதல் கதைகளிலிருந்து எடுத்து, மாடியில் பள்ளிக் கணக்குப் புத்தகங்கள் போடுகிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அவளுடைய நிதானத்துக்கு அங்கேதான் வேலை அதிகம் என்று சொன்னார்கள். ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, அந்த மாதிரிப் பக்கங்கள்.

“இங்க யாரும் யாரையும் பாத்து மயங்கி விழறதில்ல. நிம்மதியா இருக்கு,” என்பாள், நான் மேலே போனால். நிம்மதியாக இருக்கிறவளின் முகம் இல்லை அது. எட்டு மாதம் பின்வாசலில் நின்றதைவிட, அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கடிதம்தான் அவளை அதிகம் அறைந்திருந்தது. ஒரு தடவை மட்டும் சொன்னாள், “அவ மேல எனக்குக் கோவம் இல்ல. அந்த வயசுல எனக்கு யாராவது இப்படி எழுதியிருந்தா நானும் இதையேதான் திருப்பி எழுதியிருப்பேன்.” அந்தப் பெண் இன்னும் காத்திருக்கிறாளா, பரீட்சை எழுதினாளா என்று எங்களுக்குத் தெரியாது.

இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது. போன வருடம் நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். செவ்வாய், சனி காலை ஏழு மணி பெண்களுக்கு. விண்ணப்பப் படிவத்தை ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண்மணி கேட்டுக் கேட்டு நிரப்பினார். பெயர், வயது, முகவரி. ‘சேரும் நோக்கம்’ என்ற இடத்தில் அவர் எதையும் கேட்கவில்லை. நிமிர்ந்து பெரியக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘எடை குறைப்பு’ என்று எழுதினார். எனக்கு, ‘பொழுதுபோக்கு’.

“எனக்குத் தண்ணி பிடிக்கும்ங்க. அதுக்குத்தான் வந்தேன்,” என்றாள் பெரியக்கா. “அதை அடிச்சுட்டு அப்படிப் போட்டுடுங்க.”

“படிவத்துல அடிச்சுத் திருத்தினா செல்லாதுங்க. எழுதினது இருந்துட்டுப் போகட்டும், யார் பாக்கப் போறா?”

பின்னால் வரிசை நின்றது. பெரியக்கா ஜன்னலுக்கு உள்ளே கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

தண்ணீரில் அவள் வேறு ஆள். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது அவள் அலட்டிக்கொள்ளாமல் மூன்று தடவை போய்த் திரும்பியிருப்பாள். முதல் மாத முடிவில் கூட நீந்துகிற பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, “நல்லா இளைச்சுட்டீங்க, தெரியுது” என்று வாழ்த்தினார்கள். ஒரு கிராம்கூட இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் தலையைத் துவட்டிக்கொண்டாள். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். சனிக்கிழமை ஈரத் தலையோடு அவள் வீட்டுக்கே என்னையும் கூட்டிப் போவாள். கதவைத் திறந்ததும் அம்மா கேட்பார், “எவ்வளவு குறைஞ்சிருக்கு?”

“நீச்சல் தொட்டியிலயாம்மா? தண்ணி அப்படியேதான் இருக்கு, முழுசா,” என்பாள் பெரியக்கா.

அம்மா ஒரு தடவை கூடச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி வைப்பார். அவளுக்கு வெறும் ரொட்டி.